ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் உள்ள தகவல்களோடு எனக்குச் சண்டை இல்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் டொமினிக்கன் துறவிகளின் பழைய கோயில் இன்று புத்தகக் கடையாக இருப்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பாவில் கிறிஸ்தவம் முடிந்த கதை என்று கட்டுரையாளர் முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பார்த்தது கட்டடங்களை. அதே நகரங்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார நாற்காலி கிடைக்காத சபைகள் இருக்கின்றன. அவை கோபுரமும் மணியும் இல்லாத இடங்களில் கூடுவதால் சுற்றுலா வருகிறவர் கண்ணில் படுவதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள் நான். லண்டனில் குடியேறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வேலை விஷயமாக எந்த ஊருக்குப் போனாலும், ஞாயிறு அங்கே இருக்க நேர்ந்தால், புதிதாகத் தோன்றிய சபை ஒன்றைத் தேடிப் போவேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர். தென்கிழக்கு லண்டனில் ஓல்ட் கென்ட் ரோடு என்று ஒரு நீண்ட சாலை. அது ஓடும் சதர்க் பகுதியில் மட்டும், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள சபைகள் 240 இருப்பதாக ரோஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013ல் கணக்கெடுத்துச் சொன்னது. ஒரே ஒரு நகராட்சி எல்லைக்குள் 240! வார நாளில் போனால் டயர் கடையும் கிடங்குகளும்தான் தெரியும். ஞாயிறு பத்து மணிக்கு அதே கிடங்கின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். குறுகிய இரும்புப் படி ஏறினால் மேலே சிவப்புக் கம்பளம், வரிசையாகத் துணி உறை போட்ட நாற்காலிகள், கண்ணாடித் தடுப்புக்குள் டிரம்ஸ். தலையில் விறைப்பான பட்டுத் துணியை உயரமாகக் கட்டிய நைஜீரிய அம்மாக்கள், கோட்டு சூட்டில் ஐந்து வயதுப் பையன்கள். இரவு முழுக்க மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, சீருடை மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நேராக ஆராதனைக்கு வந்த ஒரு பெண் என் பக்கத்தில் நின்றார். பாட்டு தொடங்கியதும் அவருக்குக் களைப்பு இருந்த இடமே தெரியவில்லை.

இந்தச் சபைகளுக்குப் பின்னால் ஒரு வலியும் உண்டு. 1948ல் வின்ட்ரஷ் கப்பல் வந்ததற்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களில் பலர் ஆங்கிலிக்கன் திருச்சபையில், அதாவது இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை சார்ந்திருக்கும் பிரிவில், ஞானஸ்நானம் பெற்றவர்கள். இங்கே கோயிலுக்குப் போனபோது முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. இனிமேல் வரவேண்டாம் என்று வாசலிலேயே சொல்லப்பட்டவர்களும் உண்டு. ஊரிலிருந்தே பெந்தெகொஸ்தே விசுவாசத்தோடு வந்தவர்கள் ஏற்கெனவே வீடுகளிலும் வாடகை மண்டபங்களிலும் கூடிக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களில் பலர் அவர்களோடு சேர்ந்தார்கள். இதற்காக, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பான கான்டர்பரி பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி, 2020 பிப்ரவரியில் திருச்சபையின் பொதுப் பேரவையில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எழுபது வருடம் கழித்து! இந்தக் கதையைச் சொல்லாமல் "ஆங்கிலேயர் கோயிலை விட்டுவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் அது நியாயமாகாது.

லண்டனின் வுல்விச் பகுதிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1937ல் திறந்த இரண்டு பெரிய சினிமாக் கொட்டகைகள், கிரனடாவும் ஓடியனும், அங்கே கிட்டத்தட்ட எதிரும் புதிருமாக நிற்கின்றன. இப்போது இரண்டிலும் சபைகள் கூடுகின்றன. கிரனடாவின் உள் அலங்காரத்தைச் செய்தவர் நாடக உலகில் பேர்பெற்ற தியோடர் கோமிசார்ஜெவ்ஸ்கி. படம் நின்று, பல காலம் பிங்கோ சூதாட்டம் நடந்த அந்த மண்டபத்தில் இப்போது துதிப்பாட்டு கேட்கிறது. கோயில் கடையாவதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள், சூதாட்ட மண்டபம் கோயிலாவதையும் ஒரு வரி எழுதலாமே.

ஆம்ஸ்டர்டாமில் நான் பார்த்தது வேறு விதம். நகரத்தின் தென்கிழக்கே பைல்மர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. தென் அமெரிக்காவின் சுரினாமிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த இடம். இங்கே கானா நாட்டுச் சபைகள் பல, அடுக்குமாடிகளுக்காகக் கட்டிய கார் நிறுத்துமிடங்களுக்குள் வளர்ந்தன. தாழ்ந்த கூரை, ஜன்னல் கிடையாது, சிமென்ட் தூண்களுக்கு நடுவே ஆராதனை. பிறகு அந்தக் கட்டடங்களை இடித்துப் பகுதியைப் புதுப்பித்தபோது சபைகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. அதற்கு ஒரு பதிலாக எழுந்ததுதான் 'டி கன்டலார்' என்ற கட்டடம். பல சபைகள் ஒரே கூரையின் கீழ் கூடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கதவில் ஆங்கிலப் பாட்டு, அடுத்த கதவில் கானாவின் ட்வி மொழி, நடைபாதையில் எல்லாச் சபைப் பிள்ளைகளும் கலந்து ஓடுகிறார்கள்.

பெர்லின் போனால் கூட்டத்தின் முகமே மாறிவிடும். ஜெர்மனியில் கத்தோலிக்க, புரோட்டஸ்டன்ட் பழைய சபைகளுக்கு அவற்றின் உறுப்பினர்களிடம் அரசே வரி வசூலித்துத் தருகிறது. வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடு. சபையை விட்டு விலகுவதென்றால் பெர்லினில் நீதிமன்றத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கவேண்டும். புதிய சபைகளுக்கு இந்தப் பணம் வருவதில்லை. வருகிறவர்கள் மனமுவந்து கொடுப்பதுதான். திரையரங்கில் கூடும் இளைஞர் சபை ஒன்றுக்குப் போயிருந்தேன். போதகர் ஜீன்ஸ் போட்டிருந்தார், பிரசங்கம் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. அப்புறம் காபி. என் பக்கத்து இருக்கைக்காரர் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர், வீட்டில் பைபிள் இருந்ததே இல்லை என்றார். கேள்வி கேட்க விடுகிறார்கள், அதனால் வருகிறேன் என்றார். நம் ஊர் சபைகளில் எத்தனை இளைஞர்கள் இப்படி ஒரு இடம் கிடைக்காமல் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்கு முழுவதும் அதே நினைப்பு.

எல்லாமே அருமை என்று சொல்ல வரவில்லை. விதைத்தால் நூறத்தனையாய் அறுப்பாய், அதாவது காணிக்கை கொடுத்தால் நூறு மடங்காய்த் திரும்பி வரும் என்று சொல்லி, துப்புரவு வேலை செய்து பிழைக்கிறவர்களிடம் தசமபாகத்துக்கு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) மேலும் கேட்கிற மேடைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. போதகரைக் கேள்வி கேட்க ஒரு குழுவும், வரவுசெலவைச் சபையார் முன் வைக்கிற வழக்கமும் இல்லாத இடத்தில் ஆபத்து உண்டு. பாதுகாப்பும் கவலைதான். 2012 ஈஸ்டர் சமயத்தில் பாரிஸுக்கு வடக்கே ஸ்டான் என்ற ஊரில் ஆராதனை நடந்த தளம் இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. முறையான இடம் வாடகைக்குக் கிடைக்காமல் கிடைத்த இடத்தில் கூடுவதன் விலை அது. இதைப் போதகர்கள் தலையில் மட்டும் போட முடியாது. 1905 சட்டப்படி பிரான்சில் அரசும் மதமும் தனித்தனி. ஆனால் அதற்கு முன்பே கட்டிய கத்தோலிக்கக் கோயில்களில் பெரும்பாலானவை இன்றும் நகராட்சிக்கோ அரசுக்கோ சொந்தம், பராமரிப்பும் பொதுப்பணத்தில். நேற்று வந்த ஹெய்ட்டிச் சபையோ கொங்கோச் சபையோ கிடங்குதான் தேடவேண்டும். ஓல்ட் கென்ட் ரோட்டிலும் கிடங்குகளை இடித்து ஆயிரக்கணக்கில் வீடு கட்டும் திட்டம் இருக்கிறது. வீடு வேண்டியதுதான். அங்கே கூடுகிற சபைகள் எங்கே போகும் என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் சொல்லவேண்டும்.

இதில் நம் ஆட்களும் உண்டு. லண்டன், பாரிஸ், சூரிக் என்று ஈழத் தமிழர் குடியேறிய நகரங்களில் தமிழ்ச் சபைகள் இருக்கின்றன. பல சபைகள் உள்ளூர்க்காரர் கோயிலை மத்தியான நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கூடுகின்றன. மூன்று மணிக்குக் கீர்த்தனை தொடங்கும். பெற்றோர் தமிழில் உருகிப் பாடும்போது பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ ஓய்வுநாள் பள்ளி நடக்கும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாக்கு நிறத்தில் தேநீரும் மீன் ரோல்ஸும். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து எந்த மொழியில் ஜெபிப்பார்கள், இந்தச் சபையில் இருப்பார்களா என்பதே அங்கே எல்லாப் பெற்றோரின் பேச்சும். மூத்த பிள்ளைகள் சிலர் காலையில் பெரிய ஆங்கிலச் சபைக்கும் மத்தியானம் அப்பா அம்மாவோடு தமிழ்ச் சபைக்கும் போகிறார்கள். இரண்டையும் விடாத அந்தப் பிள்ளைகளை நான் மதிக்கிறேன்.

ஐரோப்பா சுற்றிப் பார்க்க வருகிற உங்கள் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிறு காலையை மட்டும் இப்படி ஒரு சபைக்கு ஒதுக்குங்கள். விசுவாசியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆப்பிரிக்கச் சபை என்றால் மூன்று மணி நேரம் கையில் இருக்கட்டும், முதல்முறை வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள், கூச்சப்படாமல் நில்லுங்கள். செல்பேசியைப் பைக்குள் வையுங்கள். அங்கே விசா முடிந்தவர், புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர் எல்லாம் இருப்பார்கள், அவர்கள் முகம் உங்கள் படத்தில் வரக்கூடாது. சாப்பிட்டுப் போகச் சொன்னால் மறுக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கோயில் விருந்தான அசனப் பந்தியில் யார் எந்த ஊர் என்று கேட்காமல் இலை போடுவது மாதிரிதான் அங்கேயும்.

ஆசிரியர் ஐயா, இந்தத் தொடரின் அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபரை வார நாளில் அனுப்பாமல் ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவையுங்கள். தமிழ்ச் சபைப் பிள்ளைகளோடு அவர் உட்கார்ந்து பேசட்டும். லண்டனுக்கு வந்தால் கூட்டிக்கொண்டு போக நான் தயார். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்