உரிமம் வேறு, உடைமை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், சமூக வலைத்தளங்களின் விதிமுறைகளைப் பற்றி, “‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்திய நொடியிலேயே உங்கள் படங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடுகின்றன” என்றொரு வரி. படிக்காமலே ஒப்புக்கொள்ளும் பழக்கம் வாசகர்களுக்கு மட்டும்தான் என்று இதுவரை எண்ணியிருந்தேன்.

ஒப்பந்தம் வரைவது என் தொழில் என்பதால் சொல்கிறேன். பெரிய சமூக வலைத்தளங்களின் சேவை விதிமுறைகளில் ‘படைப்பு உங்களுடையதே’ என்று தெளிவாகவே இருக்கும். விஷயம் அதற்கு அடுத்த வரியில்தான்: நிறுவனத்துக்கு நீங்கள் தரும், உலகெங்கும் செல்லும், கட்டணமில்லாத, பிறருக்கு மாற்றத்தக்க, உள்ளுரிமம் (பெற்ற உரிமத்தின் கீழ் பிறருக்கும் உரிமம்) வழங்கத்தக்க உரிமம். வீட்டை விற்கவில்லை, குடிவைக்கிறீர்கள். ஆனால் வாடகை கிடையாது, குடிவந்தவர் உள்வாடகைக்கும் விடலாம். படத்தை நீக்கினால் பெரும்பாலும் உரிமம் முடியும். பிறர் பகிர்ந்த பிரதி மட்டும் தங்கும். 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் பயனர்களைக் கொதிக்க வைத்தது, படங்களை விளம்பரத்தோடு சேர்த்துக் காட்டலாம் என்ற பத்தி. சில நாட்களிலேயே நிறுவனம் அதிலிருந்து பின்வாங்கியது. சண்டை நடந்தது உரிமத்தின் வாசகத்தைப் பற்றி.

சொல்லைத் தவறவிடுவது தங்களுக்கு இது முதல் முறையும் அல்ல. பதிப்புரிமை (காப்பிரைட்) என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் தங்கள் இதழில் ‘காப்புரிமை’ வருகிறது. காப்புரிமை என்பது பேட்டன்ட், கண்டுபிடிப்புக்குரியது. சேவை விதிமுறையும் தனியுரிமைக் கொள்கையும் ஒன்றென ஒரு முறை எழுதினீர்கள். முன்னது உங்களுக்கும் நிறுவனத்துக்குமான ஒப்பந்தம்; பின்னது உங்கள் தரவை என்ன செய்கிறார்கள் என்ற அறிவிப்பு. மின்னூலை ‘வாங்கலாம்’ என்றும் எழுதினீர்கள்; அங்கும் பெரும்பாலும் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். 2009இல் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து எடுத்த நூல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததே, தாங்கள் அறியாததா?

விதிமுறைகளை ‘யாராலும் படிக்க முடியாது’ என்று கைவிரிப்பது இன்னொரு வழக்கம். முழுவதும் படிக்க வேண்டாமே. பக்கத்துக்குள் தேடும் வசதியில் லைசென்ஸ் (உரிமம்), டெர்மினேட் (கணக்கை முடித்தல்), லயபிலிட்டி (இழப்புக்கான பொறுப்பு), ஆர்பிட்ரேஷன் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களைத் தேடினால் போதும். லயபிலிட்டி பத்தி பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருக்கும். இழப்பீடு 100 டாலர் அல்லது கடந்த 12 மாதங்களில் நீங்கள் கட்டிய தொகை, இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டாது என்பது அங்கே அடிக்கடி காணும் வாசகம். இலவசக் கணக்கில் கட்டிய தொகை என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்குப் போகாத நடுவர் தீர்ப்பு. சில நிறுவனங்கள் அதிலிருந்து விலக 30 நாள் அவகாசம் தருகின்றன; எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் போனதுதான். உச்சியில் ‘கடைசியாகத் திருத்திய’ தேதி இருக்கும். பதிவுசெய்யும் அன்றே பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொண்டால், பின்னாளில் எந்தச் சொல் மாறியது என்று ஒப்பிடலாம். தொடர்ந்து பயன்படுத்தினாலே புதிய விதிக்குச் சம்மதம் என்றும் எழுதியிருப்பார்கள். கணக்கை முடக்குவதும் அவர்கள் விருப்பம். போட்டி அறிவிப்பில் ‘ஆசிரியரின் முடிவே இறுதியானது’ என்று அச்சிடும் தங்களுக்கு இந்த மொழி புதிதல்லவே.

கேட்பது ஒற்றை வரித் திருத்தம்: ‘சொந்தமாகிவிடுகின்றன’ என்பதற்குப் பதில் ‘பயன்படுத்தும் உரிமம் நிறுவனத்துக்குக் கிடைக்கிறது’. அதே பக்கத்தில் வந்தால் நல்லது. இடமில்லை என்று இக்கடிதத்தைச் சுருக்குவதானால் தாராளமாகச் சுருக்குங்கள். ‘உள்ளுரிமம்’ என்பதை மட்டும் ‘உரிமை’ என்று திருத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்