எங்களை மட்டும் வாசலில் நிறுத்தும் மதச்சார்பின்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் பார்வையாளர் நெரிசலைப் பற்றித் தங்கள் பெங்களூருப் பதிப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், அரசு வளாகம் மதச்சார்பற்ற இடம் என்பதால் போதகர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதையும், ஒரே கட்டிலில் இருவர் படுத்திருப்பதையும் பற்றிக் கட்டுரையாளர் எழுதியவை நூற்றுக்கு நூறு உண்மை. இந்த ஒரு வரியை எழுதும் முன் மட்டும், இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவதொரு வார்டில் அவர் சற்று நேரம் நின்று பார்த்திருக்கலாம்.

நான் இந்நகரின் தமிழ்த் திருச்சபைகளில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் அழைப்பு வந்தால் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். மிஷன் மருத்துவமனைகளில் எங்களுக்கு மருத்துவமனைப் போதகர் என்ற பெயரும், உட்கார ஓர் அறையும், கழுத்தில் ஓர் அட்டையும் உண்டு. அரசு மருத்துவமனையில் நாங்கள் வெறும் விசிட்டர். விசிட்டருக்குக் கிடைக்கும் மரியாதையாவது கிடைத்தால் அதில் எனக்கு வருத்தமில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து, மாநகராட்சியில் துப்புரவுப் பணி செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு அப்படியொரு வார்டில் கடைசி நிலையில் இருந்தார். "பாஸ்டர் ஐயா, அப்பா திருவிருந்து கேக்குறாரு, சீக்கிரம் வாங்க" என்று அவர் மகள் ராத்திரியில் போன் செய்தாள். வாசலில் இருந்த காவலர் என் பையைத் திறந்து, அப்பமும் திராட்சைரசமும் கொடுக்கும் அந்தத் திருவிருந்துச் சடங்குக்காக நாங்கள் நோயாளிகளிடம் கொண்டுபோகும் சிறிய பெட்டியை வெளியே எடுத்து, கட்டைவிரல் உயரக் கிண்ணத்தை உருட்டிப் பார்த்து, திராட்சைரசக் குப்பியின் மூடியைத் திருகி முகர்ந்துவிட்டு, "மதாந்தர மாடோக்கே பந்தித்தீரா?" (மதம் மாற்ற வந்திருக்கிறீர்களா?) என்றார். நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவராக இருப்பவரை நான் எங்கிருந்து எங்கே மாற்றப் போகிறேன் என்று அவருக்குக் கன்னடத்திலேயே சொன்னேன். கண்காணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றார். கண்காணிப்பாளர் காலையில்தான் வருவார். பெரியவர் காலை வரை இருக்கவில்லை.

அதே வளாகத்தில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பூசாரி தட்டுடன் வார்டு வார்டாக வருவார். காவலரும் தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆயுத பூஜையன்று எக்ஸ்ரே இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்து, ஆம்புலன்ஸ்களுக்கு முன் பூசணிக்காய் உடைப்பார்கள். இவற்றை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. பூசாரியின் கையால் திருநீறு வாங்கும்போது நோயாளிகளின் முகம் தெளிவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தெளிவு எங்கள் ஆட்களுக்கும், சிவாஜிநகரிலிருந்து வந்து இதே வாசலில் என்னோடு காத்து நின்ற இமாமின் ஆட்களுக்கும் ஏன் கூடாது என்பதே என் கேள்வி. மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று 1994-இல் தீர்ப்பான வழக்கு, இம்மாநில முதல்வராக இருந்த பொம்மையின் பெயரால் வழங்குவது. அது தங்களுக்குத் தெரியாததல்ல.

அரசிடத்தில் போதகருக்கு வேலை இல்லை என்பதும் தவறு. பண்டிதர், சீக்கியரின் கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி என்று மத ஆசிரியர்களை நம் இராணுவமே விளம்பரம் கொடுத்து, நாயப் சுபேதார் என்னும் இளநிலை அதிகாரித் தகுதியில் வேலைக்கு எடுக்கிறது. பாதிரியார் என்றால் ஆயரின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. அதே இராணுவத்தில்தான், படைப்பிரிவுக் கோயிலின் கருவறைக்குள் நுழைய மறுத்த கிறிஸ்தவ அதிகாரி சாமுவேல் கமலேசன் 2021-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரியென்றன. படையின் கட்டுப்பாடு வேறு, நான் நீதிமன்றத்தோடு வாதாட வரவில்லை. ஆனால் ஓரிடத்தில் கருவறைக்குள் வா என்றும், மற்றோரிடத்தில் கட்டிலருகே வராதே என்றும் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் மனநிலை எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் யோசித்துப் பார்க்கலாம்.

2022-இல் இங்கே வந்த மதமாற்றத் தடைச் சட்டம், உடன் வேலை செய்பவர்கூடப் புகார் கொடுக்கலாம் என்றது. அதை விலக்கிக்கொள்ள 2023 ஜூனில் அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தச் செய்தி வாயிற்காவலர் வரை வந்து சேரவில்லை போலும். 2014-இல் டிசம்பர் 25 நல்லாட்சி நாளானபோது, அரசுப் பணியிலிருந்த என் சபையார் கிறிஸ்துமஸ் அன்று அலுவலக விழாவுக்குப் போவதா, ஆலயத்துக்கு வருவதா என்று என்னிடம் கேட்டார்கள். மறு ஆண்டு தலைமை நீதிபதிகள் மாநாடே புனித வெள்ளியில் தொடங்கியது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த குரியன் ஜோசப் கடிதம் எழுதியும் தேதி மாறவில்லை. அவருக்கே அப்படியென்றால் என் கடிதம் எம்மாத்திரம்?

அந்தப் பெரியவரிடமே வருகிறேன். பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்த 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தும், கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் இந்நகரின் குப்பையை அள்ளியபோது அவர் தலித் என்பதை யாரும் மறக்கவில்லை. சலுகை கேட்டபோது அவர் கிறிஸ்தவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சாகும்போது கிறிஸ்தவராக இருக்கவும் விடவில்லை.

தலையணைக்கடியில் துண்டுப்பிரசுரம் செருகுபவர்களும், அடுத்த கட்டில்காரர் தூங்க முடியாதபடி சத்தமாக ஜெபிப்பவர்களும் எங்களில் உண்டு. அவர்களைத் தாராளமாகத் தடுக்கட்டும். நோயாளியே அழைத்து வருபவரைத் தடுப்பது வேறு. அங்கே பறிபோவது நோயாளியின் உரிமை. மதச் சுதந்திரம் தரும் அரசமைப்பின் 25-ஆம் பிரிவு அவருக்கும் எழுதப்பட்டதே.

நான் கேட்பது பெரிதல்ல. சேர்க்கைப் படிவத்தில், எந்தச் சமயப் பெரியவரை அழைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். இரவு வாசலில் ஒரு பதிவேடு இருக்கட்டும். எந்த மதத்தவரானாலும் அதில் கையெழுத்திட்டுக் கால்மணி நேரம் உள்ளே போய்வரட்டும். இதைச் சுகாதாரத் துறையிடம் தங்கள் நிருபர் கேட்டு, கிடைக்கும் பதிலைப் பிரசுரிக்கும்படி வேண்டுகிறேன். இடமிருந்தால் அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போடலாம். என் பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்துள்ளேன். நான் அந்த வாசல் வழியாக இன்னும் போகவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற போதகர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு