ஓவிய பீரியடைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஓவிய வகுப்பு காணாமல் போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே பாதி போய்விடும். கால அட்டவணையில் பெயருக்கு இருக்கும், அந்த நேரத்துக்குக் கணக்கு டீச்சர் வந்து நிற்பார். போர்ஷன் முடியவில்லை என்பார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, தேர்ச்சி விகிதம் குறைந்தால் முதலில் அவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருஷமாக ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு பீரியடைப் பிடுங்குவதால் பிள்ளைகளுக்கு நஷ்டம்தான்.

முதலில் மார்க்கையே எடுத்துக்கொள்வோம், அதைச் சொன்னால்தான் காது கொடுக்கிறார்கள். அறிவியலில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லிக் கேள்வி வருகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மார்க். சமூக அறிவியலில் மேப். இத்தனைக்கும் மார்க் வைத்துவிட்டு, வரைவது எப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் பிள்ளைகள் நியூரான் படத்தையும் மனப்பாடம்தான் செய்கிறார்கள். முதலில் கோடு இழுத்துப் பாகங்களின் பெயரை எழுதிவிட்டு, நடுவில் மிச்சமிருக்கிற இடத்தில் படத்தைத் திணிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பென்சிலை அழுத்தி வரைவது, தப்பாகிவிட்டால் ரப்பர் போட்டுத் தாள் கிழியும்வரை தேய்ப்பது, அப்புறம் அழுகை.

ஒரு தடவை செம்பருத்திப் பூவை பிளேடால் நீளவாக்கில் வகுந்து ஆளுக்குப் பாதி கொடுத்து, புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்து வரையச் சொன்னேன். “மிஸ், புக்குல இருக்கிற மாதிரி இல்லையே” என்றாள் ஒருத்தி. கையில் இருப்பதை வரைம்மா என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குழாயாகி, அதற்குள்ளே சூலகத்தண்டு ஓடுவதை அவளே கண்டுபிடித்தாள், நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை அவளுக்கு நான் திரும்ப நடத்தவேண்டி வரவில்லை.

காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வருகிறான், கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். எதையாவது வரை என்று விட்டபோது விசைப்படகு வரைந்தான். படகின் முன்பக்கமான அணியம் எவ்வளவு தூக்கி நிற்கும், வலை இழுக்கிற வின்ச் எங்கே இருக்கும், ஐஸ் எங்கே கொட்டுவார்கள், கயிறு எப்படிச் சுற்றிக் கிடக்கும் என்று ஒன்று விடவில்லை. அதைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தாமல் பேசினான். இவ்வளவு தெரிந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் மக்கு என்று ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள், எனக்கு மனசு ஆறவில்லை.

சட்டமும் பாதியில் நின்றுவிடுகிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது, அதோடு சரி. 2005-இன் தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு (என்.சி.எஃப்) பத்தாம் வகுப்புவரை கலை வேண்டும் என்று சொன்னது, அது சொன்னதோடு நிற்கிறது. இங்கே 2012-இல் பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர் எந்த மனதோடு வகுப்புக்கு வந்திருப்பார்? 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழா நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் போட்டி என்று வந்ததும் ஏற்கெனவே நன்றாக வரைகிற பிள்ளையைத்தான் பள்ளி அனுப்பும், மற்ற நாற்பது பேருக்கும் அதில் ஒன்றுமில்லை.

“படம் வரைஞ்சா சோறு போடுமா” என்று கேட்கிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப்பில் ரயில் பெட்டி செய்வது டிராயிங்கைப் பார்த்துத்தான், ஐ.டி.ஐ போகிற பிள்ளைகள் முதலில் திணறுவதும் அதில்தான். சென்ட்ரலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் நான்கு வருஷம் ஓவியம், சிற்பம், சுடுமண் கலை, ஜவுளி வடிவமைப்பு என்று படிக்கலாம். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி 1929 முதல் அங்கே முதல்வராக இருந்தவர். அந்தச் சிலையின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்ட, ஹார்பரில் மூட்டை தூக்குகிறவரின் மகளுக்கு, இப்படி ஒரு கல்லூரி பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் இருப்பது நான் சொல்லித்தான் தெரிந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பது, பத்து இரண்டு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு ஓவிய பீரியட், அதை வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு. ஒரு பள்ளிக்கு ஒரு ஆசிரியர் முடியாது என்றால் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டுக்கு ஒருவர், ஆனால் முழு நேரம், முழுச் சம்பளம். வருஷத்துக்கு ஒரு முறை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போக பஸ் செலவு. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன், கால அட்டவணை போடும்போதே இதைச் செய்துவிட்டால் நல்லது, ஆகஸ்டில் உத்தரவு வந்தால் அந்த இடத்தில் ஏற்கெனவே கணக்கு உட்கார்ந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை