பள்ளிக்கூடம் நிரம்பி வழிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் குப்பர்டினோவில் புதிய அடுக்குமாடிகள் வந்தால் பள்ளிக்கூடங்கள் நிரம்பி வழியும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இதே ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தொடக்கப் பள்ளி மாவட்டத்தில் பிள்ளைகள் குறைந்துபோய், 2022இல் ரெக்னார்ட், மையர்ஹோல்ட்ஸ் என்ற இரண்டு பள்ளிகளை மூடிவிட்டார்கள். பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கும் குடும்பத்தால் இங்கே வாடகை கொடுத்துக் காலம் தள்ள முடிகிறதா? அவர்கள் ஊரை விட்டே போய்விடுகிறார்கள்.

மாநில அரசின் கணக்குப்படி, 2023 முதல் 2031 வரை எங்கள் ஊர் தன் வீட்டு வசதித் திட்டத்தில் இடம் காட்ட வேண்டியது 4,588 வீடுகளுக்கு. கேட்டால் தலை சுற்றுகிறது, சரி. ஆனால் நகராட்சி எதையும் கட்ட வேண்டியதில்லை. எந்தெந்த நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்று ஜோனிங்கை, அதாவது நிலப் பயன்பாட்டு விதியை, மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான். அதில் 1,880 வீடுகள் குறைந்த வருமானத்தாருக்கும் மிகக் குறைந்த வருமானத்தாருக்கும். அவர்கள் யாரோ என்று நினைக்காதீர்கள். இந்தக் கவுண்டியில் நாலு பேர் குடும்பம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் சம்பாதித்தாலும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இதை எதிர்த்து ஊர் இழுத்தடித்ததில் என்ன கிடைத்தது? திட்டத்தை முடிக்க வேண்டிய 2023 ஜனவரி 31 கெடு தவறியது, ஊர் மீது வழக்கு வந்தது. 2024இல் திட்டத்துக்கு மாநிலம் ஒப்புதல் தருவதற்குள், ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாத ஊர்களுக்கான 'பில்டர்ஸ் ரெமடி' என்ற மாநில விதியைக் காட்டி, ஐந்தில் ஒரு பங்கு வீட்டைக் குறைந்த வருமானத்தாருக்கு ஒதுக்கி, ஊரின் ஜோனிங்கைத் தாண்டியே கட்டட நிறுவனங்கள் மனுப் போட வழி திறந்துவிட்டது. எங்கே எத்தனை மாடி என்று சொல்லும் உரிமையை ஊரே கைநழுவ விட்டது.

நாங்கள் 1999இல் வந்தபோது ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டு அறை வீட்டை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டோம். அந்தக் கட்டடத்துக்கும் யாரோ ஒரு காலத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் வீடு வாங்கினோம். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவால், சொத்து வரிக்காக எங்கள் வீட்டுக்குப் போடும் மதிப்பு வருடத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. பக்கத்து வீட்டை இப்போது வாங்கியவர் எங்களைவிடப் பல மடங்கு வரி கட்டுகிறார். இவ்வளவு பாதுகாப்பில் இருந்துகொண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு இடமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போக்குவரத்து நெரிசல் பற்றிய அவர் கவலை நியாயமானது. ஆனால் இங்கே வேலை செய்கிறவர்கள் இங்கே குடியிருக்க முடியாததும் அந்த நெரிசலுக்குக் காரணம். என் மாமியாரைக் கவனித்துக்கொள்ள வரும் பெண்மணி மலைக்கு அப்பால் தொலைவில் இருக்கும் ட்ரேசி என்ற ஊரிலிருந்து விடியுமுன் புறப்படுகிறார். மாலையில் நகர மன்றம் கூடி இதைப் பற்றிப் பேசும் நேரத்தில் அவர் வீடு திரும்பும் வழியில் அல்டமான்ட் கணவாயில் காருக்குள் இருப்பார்.

அடுத்த கூட்டத்தில் நான் பேசப் போகிறேன். இங்கே வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் வாருங்கள். எச்-1பி விசாவில் இருந்தாலும் பேசலாம், வாக்குரிமை தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகி,
குப்பர்டினோ