அம்முணிக்கு, பவானியிலிருந்து

அன்புள்ள அம்முணிக்கு,

நேற்று போனில் அழுதபடியே வைத்துவிட்டாய். உங்கம்மா ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

மாமல்லபுரத்தில் கைடாகப் போய், அர்ச்சுனன் தபசு சிற்பத்துக்கு முன்னால் நின்று 'பெனன்ஸ்' என்றாயாம். அந்த இத்தாலிக்காரம்மா 'இவன் என்ன பாவம் செய்தான்?' என்று கேட்டதும் உனக்கு வாய் கட்டிப்போச்சாம். உன் இங்கிலீஷில் குறையில்லை, சாமி. அவர்களுக்கு பெனன்ஸ் என்றால் செய்த பாவத்துக்குக் கழுவாய். நம்மாள் நிற்பது வரம் கேட்டு. அதனால் தபசு என்றே சொல். விலா எலும்பு தெரிய, ஒற்றைக்காலில் கையைத் தூக்கி நிற்கிறவரைக் காட்டு. (அர்ச்சுனனா பகீரதனா என்கிற சண்டை அப்புறம்.) பிறகு கீழே அதே மாதிரி கை தூக்கி நிற்கிற பூனையையும், அதைச் சுற்றி இருக்கிற எலிகளையும் காட்டு. சிரித்தார்கள் என்றால் புரிந்துவிட்டது.

கைடு வேலையில் நானும் பட்டவன்தான். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர்களைக் கூட்டி வருவார்களே, அப்படி ஒரு கூட்டம். 1804இல் கலெக்டர் வில்லியம் கேரோ நம்ம சங்கமேஸ்வரர் கோயில் வேதநாயகி அம்மனுக்குத் தந்தக் கட்டில் கொடுத்த கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். மழை ராத்திரியில் ஒரு சிறுமி வந்து துரையை எழுப்பி வெளியே கூட்டிப்போனது, பின்னாலேயே பங்களா இடிந்தது, கோயில் சுவரில் போட்ட மூன்று துளை வழியாக வெளியே நின்றே அவர் அம்மனைக் கும்பிட்டது, எல்லாம். கடைசியில் ஒருத்தர், 'அந்தத் தந்தச் சாமியை எப்போது காட்டுவீர்கள்?' என்றார். நான் சொன்னது 'ஐவரி காட்'. என் வாயில் வந்த கட்டில் அவர் காதில் கடவுளாகிவிட்டது! அன்றிலிருந்து எனக்கு அது 'பெட்'தான்.

கதையை மனப்பாடம் பண்ணிவிடலாம். நடுவில் வருகிற கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். புரியவில்லையா, மெதுவாக இன்னொரு தரம் சொல்லச் சொல். வெட்கமே வேண்டாம்.

பேச்சைவிட என்னைக் கெடுத்தது எழுத்து. ஒரு ஏஜென்சிக்காரர், விருந்தாளி எழுதிய புகார் என்று ஒரு தாளைக் காட்டி இரண்டு ட்ரிப் காசைப் பிடித்துக்கொண்டார். படிக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேள்: புகார் வந்தால் நாலு வரி பதில் எழுதவும், வெயிலில் மயங்கி விழுந்தவரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரிக்கவும் சொல்லித் தருவார்களா? வெறும் கிராமர் என்றால் வேண்டாம்.

என் பழைய பாக்கெட் நோட்டை கொள்ளுப் பொடியோடு பார்சலில் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் 'கான்ஃப்ளுயன்ஸ்' என்று தமிழில் ஐந்து தரம் எழுதி அடித்திருக்கும். ஆறுகள் கூடுகிற நம்ம கூடுதுறைக்கு. சிரிக்காதே.

அப்பா