ஆறு நாள் வாரம்

அன்புள்ள மல்லிகா,

பேத்தி மொட்டைத் தலையோடு சிரிக்கும் படம் நேற்றுதான் கிடைத்தது. இங்கே சோலார் தகடு வைத்திருக்கும் கடையில் போனை சார்ஜுக்குக் கொடுத்தால் சாயங்காலம்தான் கைக்கு வரும். அப்புறம் வேப்பமரத்தடி வரை நடந்தால்தான் சிக்னல். ஆமாம், வேப்பமரமேதான்! வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மரம். இப்போது வடக்கு கானாவில் எந்த ஊருக்குப் போனாலும் நிற்கிறது.

வந்ததும் ஊர்த்தலைவரிடம் கூட்டிப்போனார்கள். இந்தப் பக்கத் தலைவர்களுக்கு விலங்குத் தோல்தான் சிம்மாசனம். செருப்பைக் கழற்றி, குந்தி உட்கார்ந்து, மெல்லுகிற கோலா கொட்டையை மரியாதைக்குக் கொடுத்தேன். பேச்செல்லாம் நடுவில் இருக்கும் ஒருவர் வழியாகத்தான். வேலையில் இருந்தவரை கலெக்டர் முன்னால்கூட நான் இவ்வளவு பவ்யமாக இருந்ததில்லை, போ.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை, ஆனால் அரை மணி ஆகும். எதிரே வருகிறவர்கள் தூக்கம், வீடு, வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று வரிசையாக நலம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ‘நா’ என்று சொல்ல வேண்டும். அவர் போய்ச் சேர்ந்த கதையைத் தெருவில் எப்படி விளக்குவது? அவருக்கும் சேர்த்து ‘நா’தான்.

சந்தையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பக்கத்துத் தகோம்பா இன மக்களுக்குச் சந்தை ஆறு நாளுக்கு ஒரு முறை. இந்தத் தடவை வெள்ளி என்றால் அடுத்தது வியாழன், அதற்கடுத்தது புதன். பள்ளி அட்டவணையோ ஏழு நாள் கணக்கு. சந்தையன்று பாதி வகுப்பு காலி. அம்மாவோடு யாம் என்கிற வள்ளிக்கிழங்கும் ஷியா மரத்துக் கொட்டையும் சுமந்து போயிருப்பார்கள். கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, மறுபடி எப்போது வெள்ளிக்கிழமை சந்தை வரும் என்று வகுப்பில் கேட்டேன். நான் திரும்பிப் பலகையில் எழுதுவதற்குள் பின்வரிசைப் பெண் ஒருத்தி 42 நாள் கழித்து என்றாள். மீச்சிறு பொது மடங்கை நான் இன்னும் நடத்தவே இல்லை மல்லி! மே, ஜூனில் விடிவதற்கு முன்பே ஷியா பொறுக்கப் போய்விட்டு, காலில் சேறோடு வகுப்புக்கு வருகிறவள் அவள். அந்தக் கொட்டையின் வெண்ணெய்தான் உன் மருமகள் முகத்தில் பூசும் க்ரீமில் இருக்கிறது. அங்கே அதன் விலையை இங்கே யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாடு பழகிவிட்டது. மக்காச்சோளக் களி, வழவழவென்று ஒரு கீரைக் குழம்பு. கருவாட்டுப் பொடி இல்லாத குழம்பைக் கேட்டுப் பார்த்தேன், பரிதாபமாகப் பார்த்தார்கள்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாயே, வா. மார்ச், ஏப்ரல் வேண்டாம், வெயில் 40 டிகிரியைத் தொடும். டிசம்பரில் சகாராப் புழுதிக்காற்று அடிக்கும், ஆனால் விடியற்காலை குளுகுளுவென்று இருக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் நாட்டுக்குள் விடமாட்டார்கள். பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. இங்கே குந்தி உட்காராமல் ஒரு காரியமும் நடக்காது.

அன்புடன்,
சரோஜா