அத்தோ கடைத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் உன் வண்டிக்கு வந்திருந்தேன். கூட்டத்தில் நீ என்னைக் கவனிக்கவில்லை. முன்பக்கம் புதிதாக ஒரு பலகை தொங்கியது: சீஸ் அத்தோ, பன்னீர் அத்தோ, ஷெஸ்வான் அத்தோ. நான் வழக்கம் போல் சாதா அத்தோ, அந்தப் பர்மிய நூடுல்ஸ் கலவையைத்தான், கேட்டேன். பெரிய பேசினில் முன்பே பிசைந்து வைத்திருந்ததில் ஒரு கை அள்ளித் தட்டில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாய். முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டிருந்தது. பொரித்த வெங்காயம் நமுத்திருந்தது. ராயபுரம் வரை நடந்தே வீட்டுக்குப் போனேன், மனம் ஆறவில்லை.

உன் அப்பாவிடம், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம், முதல் தட்டு சாப்பிட்டது 1991-ல். பாரிமுனையில் ஒரு காகிதக் கிடங்கில் கணக்கெழுதச் சேர்ந்த புதிது. மாலை ஆறு மணிக்குமேல் செகண்ட் லைன் பீச் சாலையில் பூண்டு பொரிகிற வாசனை வந்தால் கால்கள் தாமாக அங்கே திரும்பும்.

அண்ணன் ஓர் ஆளுக்கு ஒரு தடவை, சின்னக் கிண்ணத்தில்தான் கலப்பார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி. மேலே மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த கடலை மாவு, புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், உப்பு, மிளகாய்த் தூள். விரல்களை விரித்து அடியிலிருந்து மேலாக நாலு முறை தூக்கிப் போடுவார். மொறுமொறுப்புக்கான பொரித்த வெங்காயமும் பேஜோ என்கிற பொரித்த தட்டையை நொறுக்கியதும் கடைசியில்தான் விழும். தட்டைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். முதல் வாய் உள்ளே போகும்வரை அடுத்த கிண்ணத்தைத் தொடமாட்டார். "புளி போதுமா?" என்பார். எத்தனையாவது தட்டாக இருந்தாலும் அந்தக் கேள்வியில் சோர்வு இருந்ததே இல்லை. கையால் கலப்பது என்பதைக் குறிக்கும் பர்மியச் சொல்தான் அத்தோ ஆனது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். பேசினில் ஊறிக்கிடப்பதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை, தம்பி. உப்பு பட்ட முட்டைக்கோஸ் அரை மணி நேரம் காத்திருக்காது.

"தினமும் இதையே செய்து அலுத்துவிட்டது மாமா" என்று தீபாவளி சமயத்தில் சொன்னாய். பலகையைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. அலுப்பு உனக்கு, சாப்பிட வருகிற எங்களுக்கு இல்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி முதல் தடவையாக உன் வண்டி முன் நிற்கிற கல்லூரிப் பையனுக்கு அந்தச் சாதா அத்தோதான் புதுமை. அவன் தட்டில் நீ சீஸைத் துருவிப் போட்டால் அவன் சீஸைத்தான் ருசிப்பான்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பர்மாவில் மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப்புக்கு மீன்தான் உயிர். இங்கே பல வண்டிகளில் அது வாழைத்தண்டு சூப்பாகவே ஆகிவிட்டது, அதையும் நாம் ஆசையாகக் குடிக்கிறோம். அது சாப்பிடுகிறவர்களுக்காக வந்த மாற்றம். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகள் அரசுடைமையாகி, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாமல் போன பிறகு கப்பலேறி வந்தவர்களில் உன் தாத்தாவும் ஒருவர். 1969-ல் பர்மா பஜார் வந்தபோது அவருக்கு அங்கே கடை கிடைக்கவில்லை. வியாசர்பாடியில் இருந்து நூடுல்ஸ் பானையைச் சுமந்து வந்துதான் இந்த இடத்தைப் பிடித்தார் என்று அண்ணன் சொல்லுவார். இரண்டு தலைமுறை ஜெயித்த பண்டம் இது. அதைச் செய்கிற கைதான் தினமும் புதிதாக வரவேண்டும். உனக்கு அந்தக் கை உண்டு. பன்னிரண்டு வயதில் அப்பா பக்கத்தில் நின்று முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்து நீட்டியபோது உன் கண்ணில் இருந்த துடிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

பேசினை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. கூட்டம் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கும். நாங்கள் அப்படி நின்று பழகியவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு என் பேரனை அழைத்து வருகிறேன். அவனுக்கு ஏழு வயது, இதுவரை அத்தோ சாப்பிட்டதில்லை. காரம் குறைவாக, அவன் கண்முன்னால் கலந்து கொடு. புளி போதுமா என்று அவனிடமே கேள்.

அன்புடன்,
மாமா